காற்றைப் பணிகொள்ளல்: வீட்டுக்கு ஒரு சிறு காற்றாலை

காற்றுக்குக் கூலி கொடுப்பார் ஒருவருமிலர். அது நாம் வேண்டும்போது வருவதுமில்லை, வேண்டாதபோது நிற்பதுமில்லை. ஆயினும், பனங்கூடலின் ஓலைகளைச் சலசலக்கச் செய்து, வேலிக் கதியால்களை அலைத்து, முற்றத்துப் புழுதியை வாரிச் செல்லும் அக்காற்றினுள்ளே ஒரு விளக்கு மறைந்து கிடக்கின்றது என்பதை நம் மாணவருட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்விளக்கை வெளிக்கொணரும் வழி யாது, அதற்கு வேண்டும் முயற்சி எவ்வளவு, அதனால் வரும் பயன் எத்துணையது என்பனவற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியனுக்குக் காற்றாலையோடு என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். நாம் விஞ்ஞானப் பட்டதாரி அல்லேம். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியரே. எனினும், காற்றிலிருந்து ஒளி பெறும் ஆசை நமக்கு இக்கல்லூரியின் மாணவனாக இருந்த காலத்திலேயே ஏற்பட்டது. அதன் வரலாற்றை முதலிற் கூறுதல் பொருத்தமாகும்.

குப்பி விளக்கின் காலம்

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின் விநியோகம் அறுந்தபோது நமக்கு வயது பத்து. அதன்பின் வந்த ஆண்டுகளிற் படித்தோர் எல்லாரும் குப்பி விளக்கிற் படித்தவர்களே. மண்ணெண்ணெய் மருந்துபோல் அளந்து ஊற்றப்பட்டது. வானொலிச் செய்தி கேட்பதற்குப் பற்றரி இல்லை. ஆதலின், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னைக் கொண்டு வானொலியைப் பாட வைத்தோம். சுழற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும்.

1994 ஆம் ஆண்டின் சோளகக் காலத்தில் ஒருநாள், நம் வகுப்புத் தோழன் ஒருவன், "எங்கட கை ஏன் நோக வேணும்? காற்று சும்மாதானே திரியுது" என்றான். பழைய துவிச்சக்கர வண்டியொன்றின் முன்சில்லை எடுத்தோம். எண்ணெய்த் தகரத்தை வெட்டி ஆறு இறகுகள் செய்து கம்பிகளிற் கட்டினோம். சில்லின் இரப்பரிலே டைனமோவின் தலை உராயும்படி பொருத்தி, வயல்வெளியை நோக்கிய பனங்குற்றியொன்றின் மேல் ஏற்றினோம். மாலையிற் காற்று எழுந்தது. சில்லு தயங்கி, பின் சுழன்றது. கம்பியின் முனையில் இருந்த சிறு மின்குமிழ் செம்மையாகி, பின் மஞ்சளாகியது. தோழனின் பாட்டியார் தமது தேவாரப் புத்தகத்தைக் கொணர்ந்து, அவ்வெளிச்சத்திற் பிடித்து, ஓரடியை எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்தபின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் யாவரும் இரவோடிரவாக ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது அச் சில்லு குற்றியின் மேலேயே சுழன்றுகொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் நாம் திரும்பி வந்தபோது குற்றி இருந்தது, சில்லு இல்லை. தோழனும் திரும்பவில்லை. அவன் குடும்பத்தோடு வேறு திசை சென்று, இன்று குளிர்நாடொன்றில் வாழ்கின்றான்.

2022 ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் நாடெங்கும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின் தடைப்பட்டபோது நம் மாணவர் சிலர் வந்து, "சேர், நீங்கள் அந்தக் காலத்தில் எப்படிப் படித்தீர்கள்?" என்று கேட்டனர். அவ்வினாவுக்கு விடையாகத் தொடங்கியதே இரண்டாவது காற்றாலை. கற்றவற்றையும் தவறியவற்றையும் இனிக் கூறுவாம்.

நமக்கு முன் செய்தோர்

காற்றைப் பணிகொண்ட செய்தி தமிழுக்குப் புதியதன்று. புறநானூற்றின் 66 ஆம் பாட்டிலே வெண்ணிக் குயத்தியார், கரிகாலனை, கடலிற் கலஞ் செலுத்தக் காற்றை ஏவல்கொண்ட முன்னோனின் வழிவந்தவனாகப் போற்றுகின்றார். ஆனால், இதனைக் கொண்டு நம் முன்னோர் காற்றாலையும் மின்சாரமும் கண்டனர் என்று மார்தட்டுதல் தகாது. அவர் கண்டது பாய்க்கப்பல். தானியம் அரைக்கும் காற்றாலையை முதலில் நிறுவியோர் பாரசீகத்துச் சீஸ்தான் பகுதியினர் என்பர்.

காற்றிலிருந்து மின் எடுத்த முதல்வருள் ஒருவர் கிளாஸ்கோ நகரக் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத். அவர் 1887 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் மேரிகேர்க் என்னும் ஊரிலே தமது விடுமுறை வீட்டின் தோட்டத்தில் துணிப் பாய்கள் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுவி, மின்னைச் சேமிப்புக் கலங்களில் நிரப்பி, வீட்டுக்கு விளக்கேற்றினார். மிஞ்சிய மின்னை ஊரின் தெருவிளக்குக்குத் தருவதாகச் சொன்னபோது, அது பேயின் வேலை என்று ஊரார் மறுத்தனராம். அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிற் சாள்ஸ் பிரஷ் என்பவர் 17 மீற்றர் விட்டமும் 144 இறகுகளும் கொண்ட பெருஞ்சக்கரத்தை அமைத்தார். அத்துணை பெரிய சக்கரம் தந்த மின் வலு ஏறத்தாழ 12 கிலோஉவாற்றே.

ஆசிரியராகிய நமக்கு அணுக்கமானவர் டென்மார்க்கின் போல் லா கூர். ஆஸ்கோவ் என்னும் சிற்றூரின் மக்கள் உயர்பள்ளியிற் கற்பித்த அவர், 1891 ஆம் ஆண்டிலே பள்ளி வளவிற் காற்றாலை நிறுவினார். இறகுகள் பலவாக இருந்து மெல்லச் சுழல்வதினும், சிலவாக இருந்து விரைந்து சுழல்வதே மின்னாக்கத்துக்கு ஏற்றது என ஆய்ந்து காட்டினார். நாட்டுப்புறத்து இளைஞருக்கு மின்தொழிலையும் கற்பித்தார். இன்று காற்று மின்னில் டென்மார்க் பெற்றுள்ள பெயருக்கு ஒரு பள்ளிக்கூடத்து வளவே விளைநிலமாயிற்று.

நம் காலத்திலேயே ஆபிரிக்காவின் மலாவி நாட்டில், வில்லியம் கம்குவம்பா என்னும் சிறுவன், 2001–2002 ஆண்டுகளின் பஞ்சத்தாற் பள்ளிக் கட்டணம் கட்ட இயலாது நின்றவன், ஊர் நூலகத்து நூலொன்றின் படத்தைப் பார்த்து, உழவு இயந்திரத்தின் விசிறி, துவிச்சக்கர வண்டியின் சட்டகம், டைனமோ, உருக்கித் தட்டையாக்கிய பிளாத்திக்குக் குழாய் ஆகியவற்றாற் காற்றாலை செய்து வீட்டுக்கு விளக்கேற்றினான். அவனது வரலாற்றைப் படித்தபோது நமக்குப் பனங்குற்றியின் மேலிருந்த சில்லே நினைவுக்கு வந்தது.

காற்றின் வலுவைக் கணித்தல்

செயலுக்கு முன் கணக்கு வேண்டும். காற்று ஒரு பொருள். அதற்குத் திணிவு உண்டு. ஒரு கன மீற்றர் காற்றின் திணிவு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். வேகம் இருமடங்கானால் ஒவ்வொரு கிலோகிராமும் கொண்டுவரும் இயக்கசக்தி நான்கு மடங்காகும். அதுவன்றி, ஒரு செக்கனிற் சக்கரத்தினூடாகச் செல்லும் காற்றின் அளவும் இருமடங்காகும். இரண்டையும் பெருக்க, வலு எட்டு மடங்காகின்றது. வேகம் மும்மடங்கானால் வலு இருபத்தேழு மடங்கு. இவ்வுண்மை ஒன்றை மனத்திற் பதித்தவர், காற்றில்லா இடத்திலே காற்றாலை நிறுவிப் பணத்தை இழக்கமாட்டார்.

சக்கரத்தின் விட்டம் 1.2 மீற்றர் எனக் கொள்வோம். அது வீசும் வட்டத்தின் பரப்பு 1.13 சதுர மீற்றர். திணிவடர்த்தி, பரப்பு, வேகத்தின் கனம் ஆகிய மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் காற்றிலுள்ள வலு கிடைக்கும். காற்று செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் வீசினால் அவ்வட்டத்திலுள்ள வலு 18 உவாற்று. 5 மீற்றராயின் 85 உவாற்று. 10 மீற்றராயின் 678 உவாற்று.

இவ்வலு முழுவதையும் எவராலும் எடுத்தல் இயலாது. முழுவதையும் எடுத்தால் சக்கரத்தின் பின்னே காற்று அசையாது நின்றுவிடும். பின்வரும் காற்றுக்கு வழியிராது. மிகுதியாக எடுக்கக்கூடிய பங்கு இருபத்தேழில் பதினாறு, அஃதாவது நூற்றுக்கு 59 என்று செர்மனிய அறிஞர் அல்பேட் பெற்ஸ் 1919 ஆம் ஆண்டிற் கணித்தார். உராய்வும், கம்பிச் சுருளின் வெப்பமும், கைத்தொழிலின் குறைகளும் போக, வீட்டிற் செய்த சிறு காற்றாலை நூற்றுக்கு 20 தந்தால் மகிழலாம். ஆகவே மேற்கூறிய மூன்று வேகங்களிலும் நமக்குக் கிடைப்பவை முறையே 4, 17, 136 உவாற்று.

சக்கரத்தின் விட்டத்தை இருமடங்காக்கினால் பரப்பும் வலுவும் நான்கு மடங்காகும். ஆனால், சக்கரத்தின் எடையும், கம்பம் தாங்கவேண்டிய விசையும், விபத்தின் கொடுமையும் உடன் பெருகும். ஆதலின் முதன்முதற் செய்வோர் 1.2 மீற்றரைத் தாண்டாதிருத்தல் நன்று.

இடத்தைத் தேர்தல்

நம் குடாநாட்டில் வைகாசி முதற் புரட்டாதி வரை சோளகம் வீசும். மார்கழி முதல் மாசி வரை வாடை வீசும். இடைப்பட்ட மாதங்களிற் காற்று ஓய்ந்தும் திசை மாறியும் இருக்கும். மன்னாரில் முப்பது பெருங் காற்றாலைகளும், பளைப் பகுதியில் 2014 ஆம் ஆண்டு முதல் நிற்கும் காற்றாலைகளும் இக்காற்றை நம்பியே நிறுவப்பட்டன.

எனினும், பளையிற் காற்று உண்டு என்பதனால் நம் வீட்டு முற்றத்திலும் உண்டு என்று எண்ணலாகாது. பனை 20 மீற்றருக்கு மேலும் வளரும். மதிலும் மாவும் தென்னையும் சூழ்ந்த வளவிலே காற்று கலங்கிச் சுழலும். கலங்கிய காற்று வலுவைத் தாராது. இறகுகளை மட்டும் முறிக்கும். சுற்றிலும் நூறு மீற்றருக்குள் உள்ள மரம், கட்டடம் யாவற்றினும் பத்து மீற்றராவது உயர்ந்து நிற்பதே நல்ல இடம் என்பது பொதுவிதி. பனங்கூடல் நடுவே இவ்விதியைக் காத்தல் வீட்டாரால் இயலாது. கடற்கரை, களப்போரம், பரந்த வயலின் காற்றுமுகம் ஆகியனவே பொருந்தும்.

இதனைச் சோதிக்கச் செலவில்லா வழி ஒன்றுண்டு. தைப்பொங்கற் காலத்திலே பட்டமேற்றுதல் வல்வெட்டித்துறை முதலாய ஊர்களிற் பெருவிழா. பட்டத்தின் நூலில் இரண்டு மீற்றருக்கு ஒன்றாகத் துணிக் கீற்றுகளைக் கட்டி ஏற்றுக. கீற்று நேராக நீண்டு நிற்கும் உயரத்திற் காற்று சீரானது. துடித்துச் சுருளும் உயரத்திற் காற்று கலங்கியது. நாமும் மாணவரும் மூன்று இடங்களில் இவ்வாறு பார்த்து, இரண்டைக் கைவிட்டு, கடலோரத்தில் மாணவன் ஒருவனது வீட்டுக் காணியைத் தேர்ந்தோம்.

இறகுகள்

மூன்று இறகுகள் போதும். இரண்டு இறகுடைய சக்கரம் திசை திரும்பும்போது நடுங்கும். மூன்றுக்கு மேற்பட்டவை நீரிறைக்கும் காற்றாலைக்கே ஏற்றவை. அங்கு வேண்டுவது மெதுவான, வலிய சுழற்சி. மின்னுக்கு வேண்டுவது விரைவு. மூன்றிறகுச் சக்கரத்தில் இறகின் நுனி, காற்றைப்போல் ஐந்து மடங்கு வேகத்திற் செல்லும். காற்று செக்கனுக்கு 5 மீற்றராயின் நுனி 25 மீற்றர். எனவே நம் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முறை சுழலும்.

எளிதிற் செய்யத்தக்க இறகு, 160 மில்லிமீற்றர் விட்டமுடைய பி.வி.சி. குழாயினது. 60 சதமமீற்றர் நீளத் துண்டை நெடுக்காக நான்காகப் பிளந்து, மூன்றை எடுத்து, அடி 12 சதமமீற்றரும் நுனி 4 சதமமீற்றரும் அகலமாகச் சரித்து வெட்டுக. காற்றை முதலிற் சந்திக்கும் விளிம்பை உருட்டியும் பின்விளிம்பைக் கூராக்கியும் அராவுக. குழாயின் இயல்பான வளைவே இறகுக்கு வேண்டிய வளைவைத் தந்துவிடும். ஆனால், பி.வி.சி. வெயிலில் ஈராண்டு நின்றால் நொறுங்கும் தன்மையடையும். நெடுநாள் உழைக்க வேண்டுவோர், முடிச்சில்லாத நேர்நார் மரத்தை நல்ல தச்சரைக் கொண்டு செதுக்குவித்து, எண்ணெய்ப் பூச்சிடுக. தகரம் வேண்டா. தகரம் ஆடி ஆடி வெடித்து, அறுந்தால் வாளாகப் பறக்கும். 1994 இல் நாம் தகரம் கட்டியது அறியாமையே.

மூன்றையும் தராசில் இட்டு எடையைச் சமனாக்குக. பின் சக்கரத்தைப் பொருத்தி, கையாற் சுழற்றி, எந்நிலையிலும் நிற்கின்றதா எனப் பார்க்க. ஓரிறகு எப்போதும் கீழே வந்து நின்றால் அது கனமானது.

மின்பிறப்பாக்கி

துவிச்சக்கர வண்டியின் டைனமோ 6 உவோற்று, 3 உவாற்று அளவினது. கற்பதற்கு அது நன்று, வீட்டுக்குப் போதாது. மோட்டார் வண்டியின் மின்பிறப்பாக்கியைச் சிலர் நாடுவர். அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகளை வேண்டும். தன் காந்தத்தை எழுப்புவதற்கே மின்னை உண்ணும். நானூறு சுற்றுடைய நம் சக்கரத்துக்கு அது பொருந்தாது.

பொருந்துவது நிலைக்காந்த மின்பிறப்பாக்கி. ஸ்கொட்லாந்தில், மின்தொடர் எட்டாத ஸ்கோரேய்க் என்னும் சிறு குடாநாட்டிலே பல்லாண்டு காற்றாலைகள் கட்டிய ஹியூ பிகொட் என்பவர் பரப்பிய முறை உலகெங்கும் கையாளப்படுகின்றது. இரண்டு இரும்பு வட்டத்தட்டுகளின் உட்புறத்தில் வடமுனையும் தென்முனையும் மாறி மாறி வரும்படி காந்தங்களை ஒட்டி, அவற்றின் நடுவே அசையாத செப்புக் கம்பிச் சுருள்களைப் பிசினில் வார்த்து வைப்பர். தட்டுகள் சக்கரத்தோடு சுழலும். நான்கு காந்தத்துக்கு மூன்று சுருள் என்பது கணக்கு. தட்டுக்கு எட்டுக் காந்தமாயின் ஆறு சுருள். இதனால் மூன்று கட்ட ஆடலோட்டம் பிறக்கும். ஆறு இருவாயிகள் கொண்ட சீராக்கியாற் பற்றரிக்கு வேண்டிய நேரோட்டமாக அதனை மாற்றலாம்.

சுருளின் சுற்றுத்தொகையை ஊகத்தால் முடிவுசெய்யற்க. காற்று செக்கனுக்கு 3 மீற்றராகும்போது சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 முறை சுழலும். அவ்வேகத்திலேயே மின்னழுத்தம் 12 உவோற்றுப் பற்றரியை எட்டவேண்டும். ஒரு சுருளை மட்டும் முதலிற் சுற்றி, அவ்வேகத்திற் சுழற்றி அளந்து, விகிதத்தால் மற்றவற்றைக் கணிக்க. இங்கே பயன்படும் நியோடிமியக் காந்தங்கள் விரலை நசுக்கும் வலிமையுடையன; ஒவ்வொன்றாகவே எடுத்தாள்க.

வாலும் கம்பமும்

சக்கரத்தைக் காற்றுமுகமாகத் திருப்புவது வால். அதற்கு இன்னொரு கடமையும் உண்டு. சக்கரத்தின் அச்சைக் கம்பத்தின் நடுவில் வையாது ஒரு பக்கமாகச் சற்று விலக்கி வைத்து, வாலைச் சரிந்த கீலில் மாட்டினால், புயற்காற்று அடிக்கும்போது சக்கரம் தானே பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். காற்று தணிந்ததும் வால் தன் எடையாற் கீழிறங்கிச் சக்கரத்தை மீண்டும் நேர்நிறுத்தும்.

கம்பம் இரும்புக் குழாயாக இருக்கட்டும். நாற்புறமும் உருக்குக் கம்பிவடங்களால் இழுத்துக் கட்டுக. அடியில் கீல் வைத்துச் சாய்க்கத்தக்கதாகச் செய்க. ஏறிப் பழுதுபார்க்க எண்ணுதல் உயிருக்குக் கேடு. துலாவை அறிந்த நமக்கு இது கடினமன்று: துலாக்கால் போன்ற ஒரு துணைக்குழாயைச் செங்கோணமாகப் பொருத்தி, அதன் முனையிற் கயிறு கட்டி இழுத்தால் கம்பம் எழும், தளர்த்தினாற் படுக்கும். அவ்வேளை கம்பம் விழக்கூடிய நிலத்தில் ஒருவரும் நிற்கலாகாது. வீட்டுக்கும் கம்பத்துக்கும் இடையே கம்பத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரமாவது வேண்டும். இடிக்காக நிலத்தொடுப்பும் வேண்டும்.

கம்பியிற் கஞ்சத்தனம் கூடாது. கம்பத்திலிருந்து வீடு 30 மீற்றர் எனின், போக்கும் வரவுமாகக் கம்பி 60 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியிலே 10 அம்பியர் ஓடினால் வழியிலேயே 4 உவோற்று இழக்கப்படும். அது பன்னிரண்டில் மூன்றிலொரு பங்கு. 10 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் இழப்பு 1 உவோற்றே.

சேமிப்பு

12 உவோற்று, 40 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று 480 உவாற்று-மணி சக்தியைக் கொள்ளும். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழ் வடித்தால் அதன் ஆயுள் குன்றும். எனவே கையாளத்தக்கது 240 உவாற்று-மணி. 5 உவாற்று விளக்கு மூன்று, ஐந்து மணிநேரம் எரிய 75 உவாற்று-மணி போதும். கைத்தொலைபேசி ஒன்றுக்கு 15. மிகுதியிற் சிறு மேசை விசிறி சில மணிநேரம் ஓடும். சலவை இயந்திரமும் குளிர்சாதனமும் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

பற்றரிக்கருகில் உருகி வைக்க மறவற்க. மின்னேற்றும்போது ஐதரசன் வெளிவருமாதலின், காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க. இம்மின்னை வீட்டுக்கு வரும் மின்சார சபையின் இணைப்போடு ஒருபோதும் சேர்க்கலாகாது. தெருவில் மின் நிறுத்தி வேலை செய்யும் தொழிலாளியின் உயிர் அதனாற் போகக்கூடும்.

நமக்கு நேர்ந்த தவறு

இனிக் கூறப்போவது நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

2022 ஆம் ஆண்டு ஆடி மாதத்து மாலையொன்றிற் சோளகம் கடுமையாக வீசிற்று. பற்றரி நிறைந்துவிட்டது. அடுத்த வீட்டிற் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வெளிச்சம் இல்லையென்று கேள்விப்பட்ட நம் மாணவன், நல்லெண்ணத்தோடு பற்றரியைக் கழற்றிக்கொண்டு போனான். காற்றாலையோ ஓடிக்கொண்டிருந்தது.

பற்றரி இணைந்திருக்கும்வரை, மின்னோட்டமே சக்கரத்தை இழுத்துப்பிடிக்கும் கடிவாளம். கழற்றியவுடன் கடிவாளம் அறுந்தது. சக்கரம் முன்னொருபோதும் கேளாத ஓசையோடு விரைந்தது. பட்டத்தின் விண் கூவுவதுபோல் அது கூவியது என அயலார் கூறினர். நாம் அங்கு ஓடிச் சேருமுன் ஓரிறகு முறிந்து, முப்பது அடி பறந்து, அடுக்களைச் சுவரிற் பாய்ந்தது. மாணவனின் தாயார் அரைநிமிடத்துக்கு முன்னரே அவ்விடத்தில் நின்று அரிசி களைந்துவிட்டு உள்ளே போயிருந்தார்.

அம்மையார் நம்மை ஏசவில்லை. சுவரிலிருந்த வடுவைப் பார்த்து, "சேர், காற்றைப் பிடிக்கப் படிப்பிச்சால் போதுமோ? விடவும் படிப்பிக்க வேணும்" என்றார். இருபதாண்டு கற்பித்த நமக்கு அன்று ஒரு பாடம் கிடைத்தது. சக்கரத்தை ஓடவைக்கும் வழியெல்லாம் சொல்லிய நாம், நிறுத்தும் வழியைச் சொல்லியிருக்கவில்லை. தவறு மாணவனுடையதன்று; நம்முடையதே.

நிறுத்தும் வழி எளிது. மின்பிறப்பாக்கியிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஓர் ஆளியால் ஒன்றோடொன்று இணைத்தால், சுருளிற் பாயும் மின்னோட்டமே தடையாகிச் சக்கரம் தளர்ந்து நிற்கும். கடுங்காற்று எழுமுன்னரே இதனைச் செய்தல் வேண்டும். பற்றரியைத் தொடுமுன் அவ்வாளியை இடுதல் முதல் விதி. பற்றரி நிறைந்தால் மிகுமின்னைத் தானே வெப்பச்சுருள் ஒன்றுக்குத் திருப்பும் கட்டுப்படுத்தி வைத்தல் இரண்டாம் விதி. சக்கரம் சுழலும் தளத்துக்கு நேரே ஆள் நடமாட்டம் இல்லாதபடி இடம் தேர்தல் மூன்றாம் விதி. இம்மூன்றையும் பலகையில் எழுதிக் கம்பத்திற் கட்டிய பின்னரே புதிய இறகுகளை ஏற்றினோம்.

வரவும் செலவும்

இத்தனை முயற்சியும் தகுமா என்பதே முடிவான வினா. உண்மையைச் சொல்வோம். காற்று செக்கனுக்கு 5 மீற்றராக நாள் முழுதும் இடையறாது வீசினால் நம் காற்றாலை ஏறத்தாழ 400 உவாற்று-மணி தரும். 100 உவாற்றுச் சூரியத் தகடு ஒன்று, நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ அதே அளவைத் தருகின்றது. அதற்குச் சுழலும் உறுப்பில்லை, முறியும் இறகில்லை. ஆகவே, பணத்தை மட்டும் எண்ணுவோர்க்கு நாம் சூரியத் தகட்டையே பரிந்துரைப்போம்.

ஆயினும், சூரியன் இரவில் இல்லை. கார்த்திகை, மார்கழி மழைமூட்டத்திற் பகலிலும் அரிது. காற்றோ இரவென்றும் பகலென்றும் பாராது. கடலோரத்து வீட்டார் சூரியத் தகட்டோடு சிறு காற்றாலையையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய தீவுகளுக்கென 2022 இல் உடன்பாடான மின்திட்டமும் வெயிலையும் காற்றையும் இணைப்பதே.

பணத்தால் அளக்கவியலாத வரவும் உண்டு. வேகத்தின் கனம் என்பதைக் கரும்பலகையில் மட்டும் கண்ட மாணவன், சோளகம் சற்று வலுத்ததும் விளக்கு பன்மடங்கு ஒளிர்வதைக் கண்ணாற் கண்டான். தச்சரும், ஒட்டுவேலைக்காரரும், கம்பி சுற்றுவோரும் அவனுக்கு ஆசிரியராயினர். திணிவு, வலு, மின்னழுத்தம் என்னும் சொற்கள் பரீட்சைத் தாளிலிருந்து இறங்கி அவன் நாவிற் பழகின. தமிழிலே எண்ணி, தமிழிலே பேசி, ஒரு பொறியைச் செய்து முடிக்கலாம் என்பதைத் தமிழாசிரியராகிய நாம் கண்டு களித்தோம்.

முடிவுரை

இன்று கடலோரத்து அவ்வீட்டில் மூன்று விளக்குகள் எரிகின்றன. சுவரிலுள்ள வடுவை அம்மையார் பூசவில்லை. பூச வேண்டாம் என்று நாமும் கேட்டுக்கொண்டோம். புதிதாகச் சேரும் மாணவருக்கு முதலில் அதனையே காட்டுகின்றோம்.

விழா எடுக்கும் நம் கல்லூரி அன்னை பெற்ற மைந்தர் இன்று பல நாடுகளிற் பரந்திருக்கின்றனர். அவருட் பொறியியல் வல்லாரும் உளர். அவர்கள் ஊர் வரும்போது, விழா மண்டபத்தோடு நின்றுவிடாது, நம் விஞ்ஞான கூடத்துள்ளும் ஒருநாள் அமர்ந்து, மாணவர் கையில் ஒரு திருகாணிச் சாவியைக் கொடுத்துச் செல்வார்களாயின் அதுவே இவ்விழாவுக்கு ஏற்ற காணிக்கையாகும்.

குளிர்நாட்டிலிருந்து இம்மலரைப் புரட்டும் பழைய தோழனுக்கு ஒரு செய்தி: பனங்குற்றி இற்றுப் போய்விட்டது. ஆனால், நீ அன்று சொன்ன காற்று இன்னும் இங்கேதான் திரிகின்றது. இம்முறை அதற்குக் கடிவாளமும் இட்டிருக்கின்றோம். வந்து பார்.